நாலு கம்பமும் என் சந்தேகமும்

போன மாதம் ஒரு காலையில், என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் பொறியாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். தோல் பதனிடும் டேனரி வளாகத்தில் நிற்கும் நாலு கம்பத்தையும் கழற்றப் போகிறார்களாம். அதற்குப் பதிலாகக் கூரை முழுக்கச் சாதாரண சோலார் தகடுகள் வரப்போகின்றன. "ஆரம்பத்துல இருந்து அதைப் பாத்தவரு நீங்கதான் சார். புதுசா சேந்தவங்களுக்கு உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க," என்றார். இவர் எதற்கு என்னைப் புகழ்கிறார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. கழற்றும்போது ஏதாவது உடைந்தால் பழியை என் தலையில் கட்டுவதற்கோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுத்தான் சரி என்றேன்.

என் குணம் அப்படி. கடைக்காரர் தராசில் எடை போட்டால் என் கண் முள்ளின் மேல் இருக்கும். பேருந்து நடத்துநர் பயணச்சீட்டு கொடுத்தால் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பேன். "சாமியே நேர்ல வந்து வரம் குடுத்தாலும் ஆதார் கார்டு எங்கன்னு கேப்பீங்க," என்று என் மனைவி சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் குணத்தால்தான் நான் உயிரோடு இருக்கிறேன்.

ஐடிஐ முடித்துப் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வருடம். மோட்டார் ஒன்றைக் கழற்றச் சொன்னார்கள். "லைன் ஆஃப் பண்ணியாச்சு, கை வை," என்றார் மூத்தவர் ஒருவர். ஏனோ நம்பத் தோன்றவில்லை. சட்டைப்பையில் இருந்த டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. அவர் வேறு ஸ்விட்சை அணைத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை, மறதிக்காரர். அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் நான் நம்பியதில்லை. மின்சாரத்துக்கு அது சரியான பழக்கம். மனிதர்களுக்கும் அதையே வைத்துக்கொண்டேன் என்பதுதான் நான் எழுத வந்த விஷயம்.

பள்ளிகொண்டாவிலிருந்து தினமும் பேருந்து பிடித்து ஆம்பூருக்கு வெளியே இருந்த அந்த டேனரிக்கு முப்பது வருடத்துக்கும் மேல் போய் வந்தேன். தோலைச் சுழற்றும் டிரம் மோட்டார், பம்பு, கழிவுநீர்த் தொட்டி, ஜெனரேட்டர் எல்லாம் என் பொறுப்பு. மின்பராமரிப்பு மேற்பார்வையாளர் என்பது கடைசியாக எனக்குக் கிடைத்த பதவி. அதைப் பற்றியெல்லாம் எழுதினால் படிப்பவர்கள் தூங்கிவிடுவார்கள். நாலு கம்பத்துக்கு வருகிறேன்.

சாதாரண சோலார் தகடு எல்லோருக்கும் தெரியும். கூரையில் படுத்துக்கிடக்கும். எந்தப் பக்கம் இருந்து வெளிச்சம் வந்தாலும் ஏதோ கொஞ்சம் மின்சாரம் கொடுக்கும். எங்கள் வளாகத்துக்கு வந்தது அதுவல்ல. தரையில் நாலு இரும்புக் கம்பம். ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் ஒரு அறை அகலத்துக்குப் பெரிய சட்டம். சட்டம் முழுக்கப் பெட்டி பெட்டியாகக் கண்ணாடி லென்ஸ். லென்ஸின் வெளிப்பக்கம் வழவழப்பாக இருக்கும், உள்பக்கம் வளையம் வளையமாகக் கோடுகள். அதன்மேல் விழும் வெயிலை எல்லாம் சுருக்கி, பெட்டியின் அடியில் சட்டைப் பொத்தான் அளவே இருக்கும் ஒரு சின்னச் செல்லின் மேல் கொண்டுபோய்க் குவிக்கும். ஐந்நூறு சூரியன் ஒரு பொத்தானில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் கம்மி, மின்சாரம் ஜாஸ்தி. ஆனால் சூரியனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் சட்டம் காலையில் கிழக்கே பார்த்து நின்று, மோட்டார் தள்ளத் தள்ள மெல்லத் திரும்பி, மாலையில் மேற்கே பார்த்து நிற்கும்.

கொஞ்சம் பிசகினாலும் போச்சு. வந்த புதிதில் ஒரு நாள் ஒரு கம்பத்தின் மோட்டார் சிக்கிக்கொண்டு சட்டம் அப்படியே நின்றுவிட்டது. சூரியன் நிற்குமா? நாலே நிமிடத்தில் வெளிச்சப் பொட்டு செல்லை விட்டு நகர்ந்து பக்கத்து வயரின் மேல் போய் உட்கார்ந்தது. நான் ஓடிப் போவதற்குள் வயரின் தோல் கருகி நாற்றம் வந்துவிட்டது. அந்த நாற்றத்துக்குப் பிறகு நான் அந்தக் கம்பங்களையும் நம்பவில்லை, அவற்றை நட்டுவிட்டுப் போன கம்பெனிக்காரர்களையும் நம்பவில்லை.

காலை எட்டு மணிக்கு நான் செய்த முறை இது. முதலில் கறுப்புக் கண்ணாடி. பிறகு ஒவ்வொரு சட்டத்தின் ஓரத்திலும் நானே அடித்து வைத்திருந்த ஆணியைப் பார்ப்பேன். ஒரு வெள்ளைத் தகட்டின் நடுவில் செங்குத்தாக ஒரு ஆணி, அவ்வளவுதான். சட்டம் சூரியனை நேராகப் பார்த்தால் ஆணிக்கு நிழல் விழாது. ஒரு நூல் அளவு நிழல் தெரிந்தாலும் சட்டம் பிசகியிருக்கிறது என்று அர்த்தம். கம்பெனிக்காரர்கள் கொடுத்த கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும். நான் ஆணியைத்தான் நம்பினேன். அதன் பிறகு கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு வயரிலும் மாட்டி, வரும் ஆம்பியரைக் குறிப்பேட்டில் எழுதுவேன். கேன்டீன் கூரையில் பழைய சாதாரணத் தகடுகள் கொஞ்சம் இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க அவற்றையும் எழுதுவேன்.

லென்ஸைத் துடைப்பது தனி வேலை. அதற்கென்று பர்வீன் என்ற பெண்மணியைப் போட்டார்கள். கணவரை இழந்தவர், நாற்பது வயதைத் தாண்டியவர், இரண்டு பெண்கள். கையுறைப் பிரிவில் பல வருடம் தையல் போட்டுக் கண் நொந்துபோனதால் இந்த வேலையைக் கேட்டு வாங்கி வந்தவர். ஏணியில் ஏறி ஒவ்வொரு கண்ணாடியையும் குழந்தையின் முகத்தைத் துடைப்பது போலத் துடைப்பார். என்னை அண்ணா என்பார்.

எப்படித் துடைப்பது என்பதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கம்பெனிக்காரர்கள் கொடுத்த புத்தகத்தில் சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி அலசிவிடுங்கள் என்று எழுதியிருந்தது. எழுதியவர் எங்கள் ஊர்த் தண்ணீரைப் பார்த்ததில்லை. எங்கள் போர்வெல் தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றிக் காயவைத்தால் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படியும். அதை லென்ஸில் ஊற்றினால் என்ன ஆகும்? எனவே தண்ணீரே வேண்டாம், உலர்ந்த துடைப்புதான் என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கத்தில் மூக்குக் கண்ணாடி, ஸ்கூட்டர் கண்ணாடி எதைத் துடைப்பதென்றாலும் கையுறைத் தோலில் வெட்டி விழுந்த துண்டுதான். அதைவிட மிருதுவான பொருள் உலகத்தில் இல்லை என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் சத்தியம் செய்வார்கள். நானே பிரிவுக்குப் போய் நல்ல துண்டுகளாகப் பொறுக்கி வந்து கொடுத்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

நாலைந்து மாதம் போயிருக்கும். குறிப்பேட்டைப் புரட்டும்போது மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்திருப்பது தெரிந்தது. ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆணியைப் பார்த்தேன், நிழல் இல்லை. வயர்களைப் பார்த்தேன், நன்றாக இருந்தன. கேன்டீன் கூரைத் தகடுகளில் எந்த மாற்றமும் இல்லை. வெயில் குறையவில்லை, தூசு ஜாஸ்தி ஆகவில்லை, இயந்திரமும் சரியாக இருக்கிறது. அப்படியென்றால் மனிதக் கைதான் என்று என் புத்தி ஒரே தாவலாகத் தாவியது. அந்தக் கம்பங்களை நெருங்குகிற கைகள் மொத்தம் நாலு. இரண்டு என்னுடையவை.

அந்தச் சமயத்தில்தான் பர்வீன் என்னிடம் வந்தார்.

"அண்ணா, குடிக்கிற கேன் தண்ணி ரெண்டு குடுத்தீங்கன்னா சோப்பு போட்டுக் கழுவிப் பாக்கறேன். கண்ணாடி ஒரு மாதிரியா இருக்கு."

"ஒரு மாதிரின்னா இன்னா மாதிரி?"

"சொல்லத் தெரியலண்ணா. பளபளப்பு இருக்கு, ஆனா சுத்தமா இல்ல."

"குடிக்கவே கேன் தண்ணி பத்தல. இதுல கண்ணாடிக்கு வேறயா? சொன்னதை மட்டும் செய்யிம்மா," என்றேன்.

கேன் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வாரம் டேனரி கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை ஓரம் ஒரு வெள்ளைக் கார் நின்றது. வேலூரிலிருந்து வருகிற ஒரு விற்பனைக்காரருடையது. சாதாரண சோலார் தகடு விற்பவர். எங்கள் கம்பங்கள் சரியில்லை என்று முதலாளிகளுக்குத் தோன்றினால் அவருக்குத்தான் பெரிய ஆர்டர் கிடைக்கும். காரின் கதவருகே நின்று அவரோடு பேசிக்கொண்டிருந்தது பர்வீன். அவர் ஏதோ சொல்ல, இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எல்லாம் ஒரே நொடியில் பிடிபட்டுவிட்டது. அப்படித்தான் நம்பினேன்.

சாப்பாட்டு வேளையில் நான் இல்லாதபோது அவர் சட்டத்தைத் திருப்பிவிட்டு, நான் வருவதற்குள் மறுபடி நேராக்கிவிடுகிறார் என்று கணக்குப் போட்டேன். கம்பத்தின் கழுத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன். சட்டத்தைத் திருப்பும் ஸ்விட்ச் பெட்டியின் கதவின் குறுக்கே ஒரு மெல்லிய நூலை ஒட்டி வைத்தேன். கதவைத் திறந்தால் நூல் அறும். பத்து நாள் பார்த்தேன். நூல் ஒரு நாளும் அறவில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பெண்மணி மேல் தப்பில்லை என்று முடிவு செய்திருப்பார்கள். நானோ, 'கெட்டிக்காரி, நூலைப் பார்த்துவிட்டாள்' என்று முடிவு செய்தேன்.

எங்கள் மேலாளர் நஸ்ருல்லா சாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். குள்ளமான மனிதர், குரல் உயராது. யாராவது யார் மேலாவது புகார் கொண்டுவந்தால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைப்பார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்று அதற்கு அர்த்தம். பேசி முடித்ததும் ஒரு வெள்ளைத் தாளை நீட்டுவார். புகார் சொன்னவர் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பாதிப் பேர் தாளைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவார்கள். நான் போகவில்லை. இரண்டு பக்கம் எழுதினேன்.

படித்துவிட்டு அவர் கேட்டார்: "ஏகாம்பரம், யாருன்னு ரெண்டு பக்கம் எழுதிட்டீங்க. எப்போன்னு எங்க எழுதியிருக்கீங்க? எந்தத் தேதி, எந்த நேரம் கம்மியாச்சு?"

"தினமும்தான் சார் கம்மியாகுது. கொஞ்சம் கொஞ்சமா."

"திருப்பி விட்டா டக்குனு குறையணும். கொஞ்சம் கொஞ்சமா எப்படிக் குறையும்?"

"உஷாரான ஆளு சார்."

அவர் தாளை மடித்து மேஜை டிராயரில் வைத்தார். "அந்தம்மாவை ரெண்டு வாரம் சார்ட்டிங்கு மாத்தறேன். வேலையை விட்டு அனுப்ப மாட்டேன். நீங்களே துடைங்க. பாக்கலாம்," என்றார். தோல்களைத் தரம் பிரிக்கும் சார்ட்டிங் பகுதி வளாகத்தின் மறுகோடியில் இருந்தது. அவர் அவ்வளவோடு நிறுத்தியிருந்தார். நான்தான் நிறுத்தவில்லை. அன்று மாலை டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது, "ஏன் மாத்தினாங்க?" என்று ஒருவர் கேட்டார். "வெள்ளைக் கார்காரனோட என்ன பேச்சுன்னு அந்தம்மாவையே கேளுங்க," என்றேன். நான் சொன்னது கம்பத்தைப் பற்றி. அவர்கள் புரிந்துகொண்டது அந்தம்மாவின் நடத்தையைப் பற்றி. அது எனக்குத் தெரிந்தே இருந்தது. திருத்தவில்லை.

மூன்றாவது நாள் பர்வீன் வேலைக்கு வரவில்லை. நாலாவது நாளும் வரவில்லை. குற்றமுள்ளவர்தான் ஓடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரம் நானே துடைத்தேன். அவரைவிட நன்றாகத் துடைக்க வேண்டும் என்ற வீம்பில், காலையிலும் மாலையிலும், புதுத் தோல் துண்டாகப் பார்த்து எடுத்துத் தேய்த்தேன். ஸ்விட்ச் பெட்டியின் சாவி என் இடுப்பில். சட்டத்தின் பக்கம் ஒரு ஈ காக்கையை விடவில்லை. குறிப்பேட்டில் ஆம்பியர் ஏறும் என்று காத்திருந்தேன். இறங்கியது. முன்பைவிட வேகமாக இறங்கியது.

இப்போது அந்தக் கம்பங்களைத் தொடுகிற கைகள் இரண்டே இரண்டு. சந்தேகப்பட வேறு ஆள் இல்லை.

அன்று காலை கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினேன். சட்டத்தைச் சூரியனை விட்டுத் திருப்பி நிறுத்திவிட்டு, ஒரு லென்ஸை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். கண்ணாடியின் மேல் நீலமும் மஞ்சளுமாக ஒரு மினுமினுப்பு ஓடியது. அந்த நிறங்களை நான் முப்பது வருடமாகப் பார்த்து வந்திருந்தேன். தோல் மிருதுவாக வருவதற்காக டிரம்மில் எண்ணெய் ஊற்றிச் சுழற்றுவார்கள். அந்த டிரம்மிலிருந்து வழியும் தண்ணீரில் இதே நிறங்கள்தான் மிதக்கும். கையுறைத் தோல் மிருதுவாக இருப்பதே அதில் ஊறியிருக்கும் எண்ணெயால்தான். தேய்க்கத் தேய்க்க அந்த எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத படலமாகக் கண்ணாடியில் ஏறி, தோலைத் தேய்த்து வழவழப்பாக்கும் பஃபிங் பகுதியிலிருந்து பறக்கும் தோல் தூசியையும் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது.

உடனே நம்பிவிடவில்லை. பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் இரண்டை எடுத்துக்கொண்டேன். ஒன்றை அப்படியே விட்டேன். மற்றதை, பர்வீன் கேட்ட அதே கேன் தண்ணீரில், சோப்பு கரைத்து, பஞ்சால் மூன்று முறை கழுவி அலசிக் காயவிட்டேன். சட்டத்தைச் சூரியனுக்குத் திருப்பினேன். ஆணியைப் பார்த்தேன், நிழல் இல்லை. இரண்டு வயரிலும் மாற்றி மாற்றிக் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். கழுவிய பெட்டி புதிதாக வந்த நாளில் கொடுத்ததைக் கொடுத்தது. மற்றது கொடுக்கவில்லை. மீட்டரில்தான் கோளாறோ என்று இன்னொரு மீட்டரை எடுத்து வந்து பார்த்தேன். அதுவும் அதையே சொன்னது.

வெளிச்சம் எண்ணெய்ப் படலத்தில் பட்டுக் கொஞ்சம் சிதறுகிறது. கூரைத் தகட்டுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை, சிதறிய வெளிச்சமும் அதன் மேலேயே எங்காவது விழும். எங்கள் பெட்டிகளில் சிதறியது பொத்தான் செல்லைத் தவறவிட்டு வெளியே போய் விழுகிறது. இதைப் படிக்கும் பராமரிப்புக்காரர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: குவித்து வாங்கும் கண்ணாடியை நேராகப் பார்த்துச் சுத்தம் என்று சொல்லாதீர்கள். சாய்த்துப் பாருங்கள்.

நஸ்ருல்லா சாரிடம் போனேன். கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தாளை நீட்டினார். மூன்று வரி எழுதிக் கொடுத்தேன்: தவறு நேர்ந்துவிட்டது, காரணம் எண்ணெய்ப் படலம், பர்வீன் பொறுப்பல்ல. படித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"அந்தம்மா தப்பு பண்ணாங்கன்னு சொல்ல ரெண்டு பக்கம் இருந்துச்சு. பண்ணலன்னு சொல்ல மூணு வரி போதுமா?"

உட்கார்ந்து எழுதினேன். தோல் துண்டை யார் கொடுத்தது, கேன் தண்ணீரை யார் மறுத்தது, நூல் அறாததை யார் எப்படிப் புரட்டிப் புரிந்துகொண்டது, எல்லாம் எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. "இதை நான் குடுக்க மாட்டேன். நீங்க கொண்டுபோய்க் குடுங்க. வேலை அவங்களுக்காக அப்படியே இருக்குன்னு சொல்லுங்க," என்றார்.

ஆம்பூரில் ஒரு சந்துக்குள் பர்வீனின் வீடு. பெரிய பெண் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். பர்வீன் வந்து நாற்காலி போட்டார். தாளை வாங்கி நின்றபடியே இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"அந்த கார்காரர்கிட்ட இன்னா பேசினேன்னு தெரியுமாண்ணா?" என்றார். "நீங்க கேக்க மாட்டேன்னுட்டீங்க. அவரு இந்த வேலையிலயே இருக்கறவராச்சே, மத்த இடத்துல கண்ணாடியை எதால துடைக்கறாங்கன்னு கேட்டேன். தோல் வேணாம்மா, எண்ணெய் ஏறும்னு சொன்னாரு. மறுநாள் உங்ககிட்ட சொல்லலாம்னு வந்தேன். நீங்க முகத்தைத் திருப்பிக்கினீங்க."

அவமானமாக இருந்தது. அதைவிட, அவர் கோபப்படாமல் பேசியது தாங்கவில்லை.

"இது நல்லா எழுதியிருக்கீங்கண்ணா," என்று தாளை மடித்தார். "நீங்க எழுதினதுக்கு இது பதில். டீக்கடையில வாயால சொன்னதுக்கு? என் பெரிய பொண்ணை மாப்பிள்ளை வீட்டுல பாத்துட்டுப் போனாங்க. நிச்சயம் பண்ண வர்ற வாரம் வர்றோம்னாங்க. இப்ப போன் எடுக்கறதில்ல. அந்தக் கடைக்காரரோட சம்சாரம்தான் அவங்களுக்குச் சொந்தம்."

உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நின்றது.

"அதே கடையில, அதே ஆளுங்க இருக்கறப்ப, நீங்களே சொல்லுங்க. சொல்லிட்டு எனக்கு ஒரு போன் போடுங்க. நான் திங்கக்கிழமை வர்றேன். அந்தக் கடையைத் தாண்டித்தானே கேட்டுக்கு வரணும்."

அன்று மாலையே போனேன். அன்று இருந்த நாலு பேரில் மூன்று பேர் இருந்தார்கள். டீ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். நான் அன்று சொன்னது தப்பு, அந்தம்மா வேலை விஷயமாகத்தான் பேசினார், தங்கமானவர், என் புத்திதான் கெட்டுப்போனது என்று ஒன்று விடாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் யாருக்காகவும் பரிந்து பேசியதில்லை.

கடைக்காரர் பால் ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவங்க வூட்டுக்குப் போயிருந்தீங்களாமே?" என்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்தார். "அட விடுங்க ஏகாம்பரம். இவ்ளோ தூரம் பேசறீங்கன்னா சும்மாவா பேசுவீங்க."

மூன்று பேரும் டம்ளருக்குள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அதே பெஞ்சில் உட்கார்ந்து, எத்தனையோ பேரைப் பார்த்து நானும் அப்படிச் சிரித்திருக்கிறேன். இனி ஒரு வார்த்தை பேசினாலும் அந்தம்மாவுக்கு இன்னும் கெடுதல்தான் என்று புரிந்தது. டீயை வைத்துவிட்டு வந்தேன்.

பேருந்து நிறுத்தத்தில் நின்று போன் போட்டேன்.

"சொன்னீங்களாண்ணா?"

"சொல்லிட்டேன்மா."

"நம்பினாங்களா?"

"நம்பிட்டாங்கம்மா. எல்லாரும் நம்பிட்டாங்க."

திங்கட்கிழமை காலை அவர் வந்தார். நான் கேட்டருகே நின்று பார்த்தேன். டீக்கடையைத் தாண்டும்போது பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் நடையை மாற்றாமல் நேரே வந்து, என்னிடம் தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். கேன் தண்ணீரை நானே தூக்கிக்கொண்டுபோய் ஏணியடியில் வைத்தேன். ஒரு மாதத்தில் நாலு கம்பங்களும் பழைய நிலைக்கு வந்தன. நான் ஓய்வு பெறும் வரை அவர்தான் அவற்றைப் பார்த்துக்கொண்டார். தினமும் இரண்டு முறை அந்தக் கடையைத் தாண்டினார். கடையில் என்ன நடந்தது என்று என்னிடம் அதன் பிறகு ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

அந்த மாப்பிள்ளை வீட்டார் திரும்பி வரவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பெண்ணுக்கு வேறு இடத்தில் அமைந்தது. பர்வீன் எனக்கும் பத்திரிகை வைத்தார். எதற்கு வைத்தார் என்று யோசித்துக்கொண்டேதான் போனேன். பந்தியில் என்னை உட்காரவைத்து, பிரியாணியை அவரே கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் இருந்த சம்பந்தி வீட்டாரிடம் என்னைக் காட்டினார்.

"இவருதான் ஏகாம்பரம் அண்ணா. என் பேரு கெட்டப்ப டீக்கடையில நின்னு எனக்காகப் பேசினவரு. எல்லாரையும் நம்ப வெச்சவரு."

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை, வருத்தமும் இல்லை. நிஜமாகவே நம்பிச் சொல்கிறாரா, எல்லாம் தெரிந்துகொண்டு சொல்கிறாரா என்று தெரியவில்லை. சம்பந்தி வீட்டார் எனக்கு சலாம் வைத்தார்கள். "இன்னும் கொஞ்சம் போடட்டுமாண்ணா?" என்று கேட்டார் பர்வீன். தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.